பாலைவனப் பாதையில் ஒரு பகல்



மலைக்குச் செல்வோர் முதலில் ஏறுவர், களைத்தபின் இறங்குவர். ஆனால், முதலில் இறங்கி, களைத்தபின் ஏறவேண்டிய இடமும் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கே அது. கோடைக்காலத்தில் ஒரு பகல் அங்கு நடப்பதாக எண்ணிக்கொண்டு, அந்நிலம் கற்பிக்கும் பாடத்தை நாம் ஆராய்வோம்.

நிலத்தின் அமைப்பு

கொலராடோ ஆறு பல இலட்சம் ஆண்டுகளாகப் பாறையை அரித்து இப்பள்ளத்தாக்கை உண்டாக்கியது. இதன் நீளம் 446 கிலோமீட்டர்; ஆழம் 1.6 கிலோமீட்டருக்கும் மேல். 1919ஆம் ஆண்டில் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. விளிம்பிலுள்ள பாறைகளின் வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள். அடியிலுள்ளவற்றின் வயதோ 170 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. கீழே இறங்க இறங்க, பூமியின் பழைய வரலாற்றுக்குள் நாம் நுழைகின்றோம் எனலாம்.

தென் விளிம்பிலிருந்து 'பிரைட் ஏஞ்சல்' என்னும் பாதை வளைந்து வளைந்து இறங்குகின்றது. 2.4 கிலோமீட்டரில் ஓர் இளைப்பாறும் குடில், 4.8 கிலோமீட்டரில் மற்றொன்று, 7.2 கிலோமீட்டரில் மரங்கள் சூழ்ந்த ஊற்றிடம். அங்கு வாழ்ந்து பயிர்செய்த பழங்குடியினரின் நினைவாக, 2022ஆம் ஆண்டில் அவ்விடத்திற்கு 'ஹவாசுப்பாய் தோட்டம்' எனப் பெயர் சூட்டப்பட்டது. ஆற்றை அடைய மேலும் 5 கிலோமீட்டருக்கு மேல் நடத்தல் வேண்டும்.

வெயிலின் இயல்பு

ஜூலை மாதத்தில் விளிம்பில் நண்பகல் வெப்பம் 29 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதே வேளையில் ஆற்றங்கரையில், நிழலிலேயே, 40 பாகையைத் தாண்டிவிடும். கீழிறங்கும் காற்று அழுத்தம் மிகுந்து சூடேறுவதும், பாறைச் சுவர்கள் வெயிலை உள்வாங்கி உமிழ்வதும் இதற்குக் காரணங்களாம். குளிர்ந்த காலையில் உற்சாகமாக இறங்கியவர், உச்சிவெயிலில், தளர்ந்த கால்களோடு, செங்குத்தான பாதையில் ஏற நேரிடுகின்றது. இறங்கும் நேரத்தைப்போல் ஏறுவதற்கு இரு மடங்கு நேரம் தேவை என்பது அங்கு வழங்கும் கணக்கு.

நம் நாட்டின் ஈரக்காற்றில் வியர்வை வழிந்தோடுவதை நாம் அறிவோம். பாலைவனத்தின் வறண்ட காற்றிலோ, வியர்வை சுரந்தவுடனே ஆவியாகிவிடும். உடல் நீரை இழப்பதே தெரியாது; சட்டையில் வெண்ணிற உப்புப் படிவதே அதனைக் காட்டும். அதனால், நீரை மட்டும் மிகுதியாகப் பருகுதலும் தீங்காகும். இரத்தத்திலுள்ள உப்பின் அளவு குறைந்து, குமட்டலும் மயக்கமும், சிலவேளை மரணமும் நேரலாம். நீரோடு உப்பிட்ட சிற்றுண்டியும் உட்கொள்ளுதல் இன்றியமையாதது.

கைக்கொள்ள வேண்டியவை

1. விடியுமுன் புறப்படுதல், காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் நடவாது நிழலில் தங்குதல்.
2. குழாய் பழுதுபட்டால் வழியில் நீர் கிடைக்காது. ஆதலால் போதிய நீரை உடன் கொண்டுசெல்லுதல்.
3. அகன்ற தொப்பி அணிதல், சட்டையை நனைத்துக்கொள்ளுதல்.
4. தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் தோன்றினால், அவரை உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, உதவிக்கு ஆள் அனுப்புதல்.
5. ஒரே பகலில் ஆறுவரை சென்று திரும்ப முயலாமை. பூங்கா அதிகாரிகள் இதனைப் பலகைகளில் எழுதியே எச்சரித்துள்ளனர்.

திரும்பும் அறிவு

இத்தனை எச்சரிக்கையும் இருந்தும், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் அங்கு மீட்கப்படுகின்றனர். அவர்களுள் உடல் வலிமை மிக்க இளைஞரும் உளர். "இன்னும் சிறிது தூரம்தானே" என்னும் எண்ணமே அவர்களைக் கீழே இழுத்துச் செல்கின்றது. எங்கே திரும்புவது என்பதைக் களைப்பு வந்தபின் முடிவுசெய்தல் ஆகாது; புறப்படுமுன்னரே முடிவுசெய்தல் வேண்டும். முதற் குடிலோடு திரும்பியவன் கோழையல்லன். தன் வலிமையையும் பாதையின் வன்மையையும் எடைபோட்டவன். வள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்ததன் கருத்தும் இதுவன்றோ?

மாணவர்களே! ஆற்றில் நீந்தும்போதும், குன்றில் ஏறும்போதும், திரும்பி வருவதற்கான ஆற்றலை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பள்ளத்தாக்கின் அடியில் வெப்பம் மிகுதியாக இருப்பது ஏன்?
2. வறண்ட காற்றில் வியர்வை தெரியாதிருப்பதன் காரணம் யாது?
3. காலை 5 மணிக்கு இறங்கத் தொடங்கும் ஒருவர் 10 மணிக்குள் விளிம்பிற்கு மீளவேண்டுமாயின், எத்தனை மணிக்குத் திரும்புதல் வேண்டும்?