காற்றில் குளிரும் எஞ்சினும் எண்ணெய் வடிகட்டியும்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

மோட்டார் கார் எஞ்சின் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பெட்ரோலும் தீப்பொறியும்தான். ஆனால் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது அதனுள் சுற்றிவரும் மசகு எண்ணெயே ஆகும். கிராங்க் தண்டு பேரிங்கின்மீது நேராக உட்கார்ந்து சுழல்வதில்லை. இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுமை விழும் பக்கத்தில் படலத்தின் கனம் சில மைக்ரான்களாகச் சுருங்கிவிடும். நம் தலைமுடியின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், அப்படலத்தைக் கிழித்துப் பேரிங்கைக் கீறுவதற்கு எவ்வளவு சிறிய மணல்துகள் போதும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்துகள்களைப் பிடிக்கத்தான் எண்ணெய் வடிகட்டி. ஆயினும் உலகில் மிகுதியாக விற்ற கார்களுள் ஒன்று, பல பத்தாண்டுகள் அது இல்லாமலே ஓடியது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்னும் ஜெர்மானியக் காரைத்தான் சொல்கிறேன். 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் பூப்ளா நகரில் கடைசி வண்டி வெளிவந்தபோது, மொத்த எண்ணிக்கை 2,15,29,464.

இதன் எஞ்சின் வண்டியின் பின்புறம் இருக்கிறது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கின்றன. தண்ணீரும் ரேடியேட்டரும் கிடையா. மின்விசிறி போன்ற ஒரு காற்றாடி, சிலிண்டர்களின்மேல் காற்றை வீசிக் குளிர்விக்கிறது. அதே காற்றின் பாதையில் எண்ணெய்க்கும் ஒரு சிறு குளிர்விப்பான் உண்டு. ஆகவே இந்த எஞ்சினில் எண்ணெய்க்கு இரட்டை வேலை: உராய்வைக் குறைப்பது ஒன்று, வெப்பத்தைச் சுமந்து செல்வது மற்றொன்று. இவ்வளவுக்கும் உள்ளே இருப்பது வெறும் 2.5 லிட்டர்!

வடிகட்டிக்குப் பதிலாக, அடியில் ஒரு கம்பிவலைச் சல்லடை இருக்கிறது. உடைந்த பெரிய துண்டுகளை அது நிறுத்தும். பேரிங்கைத் தேய்க்கும் நுண்துகள் அதன் வழியே தாராளமாகப் போய்விடும். இதை ஈடுசெய்யத்தான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிச் சல்லடையையும் கழுவ வேண்டும் என்று விதித்தார்கள். வாங்குபவனுக்கு விலை குறைய வேண்டும், பழுதாகும் உறுப்பு ஒன்றாவது குறைய வேண்டும் என்ற சிக்கனமே இதில் தெரிகிறது. அது தவறான கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அக்கணக்கு, வண்டிக்காரர் சொன்ன கெடுவில் எண்ணெய் மாற்றுவார் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது.

என் தாய்மாமா 1960களில் செய்யப்பட்ட பீட்டில் ஒன்றைப் பேணி வருகிறார். "ஃபில்டர் மாட்டினால் எஞ்சின் ரெண்டு மடங்கு உழைக்கும்கிறாங்க. நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே மாப்ளே, மாட்டலாமா வேண்டாமா?" என்று கேட்டார். இந்த எஞ்சினைத் திறந்து பழுது பார்ப்பது சிறு செலவு அன்று. ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்லிவிட முடியவில்லை.

வடிகட்டியை எண்ணெயின் பாதையில் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதே இதில் முதற்கேள்வி. பழைய முறை கிளைவழி. எண்ணெய் அழுத்தச் சுவிட்சு இருக்கும் இடத்தில் ஒரு குழாயைக் கிளையாக எடுத்து, சிறிது எண்ணெயை வடிகட்டி வழியே மீண்டும் எஞ்சினின் அடித்தொட்டிக்கு அனுப்புவார்கள். போர்ஷே 356 காரில் இருந்ததும் இத்தகைய கிளைவழி வடிகட்டியே. மற்றது முழுவழி: பம்பிலிருந்து வரும் எண்ணெய் அனைத்தும் முதலில் வடிகட்டிக்குள் சென்று, பிறகே பேரிங்கை அடையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பம்பு நிமிடத்திற்கு ஒருமுறை எண்ணெய் முழுவதையும் சுற்றுகிறது என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு கிளைவழியே போகிறது என்றும், வடிகட்டி தனக்கு வந்த துகளையெல்லாம் பிடித்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கதிரியக்கச் சிதைவுக்கு நாம் எழுதும் அதே அடுக்குச் சமன்பாடுதான் இங்கும். 10 நிமிடத்தில் 37 விழுக்காடு அழுக்கு மிஞ்சும். 30 நிமிடத்தில் 5 விழுக்காடே மிஞ்சும். பார்ப்பதற்கு அருமையான விடை! ஆனால் இப்போதுதான் உள்ளே வந்த ஒரு துகளை நினைத்துப் பாருங்கள். அது முதல் சுற்றிலேயே வடிகட்டியில் சிக்குவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்புத்தான். மற்ற ஒன்பது வாய்ப்பிலும் அது பேரிங்கை நோக்கித்தான் போகிறது. கிளைவழி, தொட்டியைச் சுத்தம் செய்கிறது. முழுவழிதான் பேரிங்கின் வாசலில் காவல் நிற்கிறது.

இதை ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே பின்னர் ஏற்றுக்கொண்டது எனலாம். 1968 இல் வந்த அதன் 411 காரில், காற்றில் குளிரும் எஞ்சினுக்கே முழுவழி வடிகட்டி வைத்தார்கள்.

இனிச் செய்முறை. பம்பின் பழைய மூடியை எடுத்துவிட்டு, வெளிவாய் உள்ள புதிய மூடியை மாட்ட வேண்டும். பம்பிலிருந்து எஞ்சினுக்குள் நேரே செல்லும் பழைய வழியை அடைக்க வேண்டும். இல்லாவிடில் எண்ணெய் எளிய வழியைத் தேடிக்கொள்ளும். வடிகட்டி வெறும் அலங்காரமாகிவிடும். வடிகட்டியிலிருந்து திரும்பும் ஹோஸ் பைப்பைப் பொருத்த, எஞ்சின் கூட்டில் எண்ணெய்ப் பாதையின் முனையிலுள்ள அடைப்பை எடுத்துத் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். அக்கூடு மக்னீசியக் கலப்பு உலோகம். துளையிடும்போது விழும் சீவல் எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது வேதியியல் மாணவர்களுக்குத் தெரிந்ததே. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தச் சீவல் உள்ளே விழுவது. துகளைத் தடுக்கப் போய் நாமே துகளைத் தூவியவர்கள் ஆவோம். ஆகவே எஞ்சின் முழுவதும் பிரித்திருக்கும்போது மட்டுமே இவ்வேலையைச் செய்யலாம் என்பது என் துணிபு.

துளையிடாமல், பம்பு மூடியிலேயே வடிகட்டியைத் திருகும் முறையும் உண்டு. மாமாவின் வண்டியில் அளந்து பார்த்தேன். சைலன்சருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை.

ஹோஸ் பைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு எண்ணெய் ஓடியது உலோகத்தின் உள்ளே. இப்போது அது அழுத்தத்தோடு ரப்பர் குழாயில் வெளியே வருகிறது. அக்குழாய் தகட்டின் விளிம்பில் உராய்ந்து அறுந்தால், பம்பே எண்ணெயைச் சாலையில் கொட்டிவிடும். முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கு, அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போன பிறகே எரியும். அதைக் கண்டு வண்டியை நிறுத்துவதற்குள் பேரிங்கிற்குக் கேடு வந்துவிடலாம். வடிகட்டி இல்லாத எஞ்சின் மெல்லத் தேயும். சரியாக மாட்டாத எஞ்சினோ ஒரே நாளில் போய்விடும்.

ஆகவே நான் மாமாவிடம் சொன்னது இதுதான். "இப்ப எஞ்சின் நல்லா ஓடுது, தொடவேண்டாம் மாமா. 5,000 வரைக்கும் போகாம 3,000 கிலோமீட்டர்லயே எண்ணெய மாத்துங்க. சல்லடைத் தட்டுல இருக்கிற ஆறு சின்ன நட்டையும் பலங்கொண்ட மட்டும் முறுக்காதீங்க. 7 நியூட்டன் மீட்டர் போதும். தூசி காத்தோடதான் உள்ள வருது, ஏர் கிளீனர் கிண்ணத்துல எண்ணெய் குறையாம பாருங்க. அடுத்த தடவ எஞ்சினைப் பிரிக்கிறப்ப முழுவழி ஃபில்டர் வச்சிடலாம்." இரண்டு மடங்கு உழைக்கும் என்ற பேச்சுக்கு என்னால் ஆதாரம் சொல்ல இயலாது என்பதையும் கூறினேன். அவருக்குச் சிறிது ஏமாற்றந்தான், எனினும் ஒப்புக்கொண்டார்.

மாட்டும் நாள் வரும்போது செய்ய வேண்டியவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வடிகட்டியும் குழாயும் நிரம்ப எண்ணெய் கூடுதலாகப் பிடிக்கும்; அளவுகோலைப் பார்த்து ஊற்ற வேண்டும். முதலில் தீப்பொறி வராமல் துண்டித்துவிட்டு, சிவப்பு விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்ற வேண்டும். எஞ்சின் தன் தாங்கிகளில் அசையக்கூடியது. ஆகவே ஹோஸ் பைப் விறைப்பாக இல்லாமல் சற்றுத் தளர்ந்து, சைலன்சரைத் தொடாமல் இருக்க வேண்டும். ஓட விட்டு ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்க்க வேண்டும்; சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.