சிக்ரி வாசலோடு நிற்கட்டும், தங்கச்சி!

டிசம்பர், ஜனவரி பின்னிரவில் தாராவியில் தகரக் கூரை சில்லிட்டுவிடும். சாயங்காலம் மூட்டிய சிக்ரியில் (கரியடுப்பில்) கங்கு மிச்சமிருந்தால், ‘புகைதான் அடங்கிவிட்டதே’ என்று கோலிக்குள் (சின்ன வீட்டுக்குள்) வைத்துக் கதவைச் சாத்தத் தோன்றும். அதை மட்டும் செய்துவிடாதே. அக்கா சொல்வதைக் கேள்.

• புகையில்லாத கங்கையும் நம்பாதே. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் பிராணவாயு சேரவேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிக்காமலே மயங்கிவிடுவார். ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தால் போதாது.

• மேல்தளத்தை மறக்காதே. கீழே வைத்த கங்கின் வாயு சூட்டோடு ஏணி வழியாக ஏறி, மேலே படுத்திருக்கும் பிள்ளைகளிடம் போகும்.

• வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தியா? முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு 108-ஐக் கூப்பிடு, அல்லது சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடு. கரி எரிந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. சரியாக இருப்பதாகவே காட்டும்.

• கண்டதையும் போடாதே. பிளாஸ்டிக், ரெக்ஸின், தோல் துண்டு, பெயின்ட் அடித்த பலகை எதுவும் வேண்டாம். எரிகிற கரியில் மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதே. மழையில் நமுத்த கரியை வெயிலில் காயவைத்துப் போட்டால் புகை குறையும்.

• சாம்பலை உடனே கொட்டாதே. உள்ளே நெருப்பு மணிக்கணக்கில் கிடக்கும். வெளியே இரும்பு வாளியில் ஆறவிட்டு, தண்ணீர் தெளித்துக் கிளறிப் பார்த்துக் கொட்டு.

• குளிருக்கு இப்படிச் செய். பாய்க்கு அடியில் காய்ந்த அட்டைப் பெட்டியை விரித்துப் போடு. தரையின் சில்லிப்பு ஏறாது. காதையும் பாதத்தையும் மூடிப் படு. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பெரியவர்கள் காலடியில் வைக்கலாம். கைக்குழந்தை பக்கத்தில் வேண்டாம்.

• கரியை மெல்ல விடப்பார். பேக்கரிகளையே ஆறு மாதத்துக்குள் கரி, விறகிலிருந்து மாறச் சொல்லி 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உன்னிடம் முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ கேஸ் சிலிண்டர் வாங்கலாம்.

பக்கத்துக் கோலிக்காரிக்குத் தமிழ் தெரியாவிட்டால் இந்தியில் ‘சிக்ரி பாஹர் ரக்கோ’ (சிக்ரியை வெளியே வை) என்று இன்றைக்கே சொல்லிவிடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அவள் வீட்டு வாயு உன் பிள்ளைகளிடமும் வரும்.