கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பும் ஊராட்சிகளின் கடமையும்

சாலை, குடிநீர், பள்ளிக் கட்டிடம் ஆகியவற்றை நாம் அபிவிருத்தி எனக் கணக்கிடுகிறோம். ஆனால் ஒரு குடும்பத்தின் தாய் நாற்பது, ஐம்பது வயதிலேயே மறைந்துவிட்டால், அந்த நஷ்டத்தை எத்திட்டமும் ஈடுசெய்வதில்லை. சாமைக்குக் களையெடுப்பதும் புளி உடைப்பதும் பெண்களின் கைகளாலேயே நடைபெறும் ஜவ்வாது மலையில் இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. அத்தகைய மரணங்களுக்குக் காரணமான நோய்களுள், பெரும்பாலும் தடுக்கக்கூடிய ஒன்றைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

நோயின் இயல்பு

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியாகும். தாம்பத்திய உறவினால் பரவும் இக்கிருமி மிகச் சாதாரணமானது. பெரும்பாலான பெண்களின் உடல் தானாகவே இதனை விலக்கிவிடுகிறது. சிலரிடம் மட்டும் இது நிலைத்து நின்று, ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுகிறது. ஆகவே இந்நோய் எவருடைய நடத்தைக்கும் கிடைத்த தண்டனையன்று. இதனை மறைப்பதற்கும் வெட்கப்படுவதற்கும் காரணமில்லை.

கிருமி புகுந்த நாளுக்கும் நோய் முற்றும் நாளுக்கும் இடையிலுள்ள நீண்ட காலமே நமக்குக் கிடைத்த வாய்ப்பாகும். களை விதை விடுமுன் பிடுங்குவதைப் போல், இக்காலத்திற்குள் கண்டறிந்தால் எளிய சிகிச்சையே போதும். செல்வ நாடுகள் ஆய்வுக்கூடங்களின் உதவியால் இவ்வாறு கண்டறிந்து மரணத்தைக் குறைத்தன. ஏழை நாடுகளுக்கு அவ்வசதி எட்டவில்லை. 2022-ஆம் ஆண்டில் உலகில் இந்நோயால் மாண்ட சுமார் 3,50,000 பெண்களில் நூற்றுக்கு 94 பேர் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

திண்டுக்கல் காட்டிய வழி

ஆய்வுக்கூடமின்றி இந்நோயைத் தடுக்க இயலுமா என்ற கேள்விக்கு விடை தேடியவற்றுள் நம் மாநிலத்து ஆராய்ச்சி ஒன்று முக்கியமானது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் இணைந்து, 2000-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் இதனைத் தொடங்கின.

முறை எளியது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். வினிகர் என நாம் அறிந்த காடியில் இருப்பதும் இந்த அமிலமே. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறுதலடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். தகுதியுள்ளவர்களுக்கு அப்பகுதியை உறையச் செய்யும் சிகிச்சையும் செவிலியராலேயே அளிக்கப்பட்டது.

30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் அழைக்கப்பட்டனர்; 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற கிராமங்களோடு ஒப்பிட்டபோது, இக்கிராமங்களில் இந்நோய் நூற்றுக்கு 25 பங்கும், மரணம் 35 பங்கும் குறைந்திருந்தன. 2007-இல் வெளியான இம்முடிவு உலகின் கவனத்தைப் பெற்றது.

எனினும் மற்றொரு கணக்கையும் நாம் நோக்க வேண்டும். புற்றுநோய்க்கு முந்திய மாறுதல் 1,874 பெண்களிடம் கண்டறியப்பட்டது. அவர்களுள் சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு 72 பேரே. எஞ்சிய ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அனைவருக்கும் புற்றுநோய் வந்திருக்கும் என்பதில்லை. ஆயினும் கண்டறிந்த பின்னரும் காக்கும் வாய்ப்பு நழுவியது. பரிசோதனை மட்டும் உயிரைக் காப்பதில்லை; அதனைத் தொடர்ந்து வரும் சிகிச்சையே காக்கிறது.

உலகின் இலட்சியம்

இதனை உணர்ந்தே உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் மூன்று குறிக்கோள்களை வகுத்தது. 2030-க்குள் நூற்றுக்கு 90 சிறுமியர் 15 வயதிற்குள் தடுப்பூசி பெற வேண்டும். நூற்றுக்கு 70 பெண்கள் 35 வயதிற்குள் ஒரு முறையும் 45 வயதிற்குள் மறுமுறையும் பரிசோதனை பெற வேண்டும். நோய்க்குறி கண்டவர்களுள் நூற்றுக்கு 90 பேர் சிகிச்சை பெற வேண்டும்.

நம் நாட்டில் புனே சீரம் நிறுவனம் தயாரித்த தடுப்பூசி 2022-இல் அனுமதி பெற்றது. 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாகத் தடுப்பூசி அளிக்க, தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை 36 கோடி ரூபாய் அறிவித்தது. பெண்களுக்கான பரிசோதனைத் திட்டம் 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவியது.

ஊராட்சிகள் செய்யத் தக்கவை

முதலாவதாக, கிராம சுகாதார செவிலியரோடு கலந்து, 30 வயது நிரம்பிய பெண்களின் பட்டியலைக் குக்கிராமம் வாரியாகத் தயாரிக்க உதவலாம். இரண்டாவதாக, விதைப்பும் அறுவடையும் இல்லாத நாட்களைத் தேர்ந்து முகாமுக்கு யோசனை கூறலாம். கூலி போகும் நாளில் தாய்மார்கள் வரமாட்டார்கள்.

மூன்றாவது கடமையே தலையாயது. மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படும் பெண், மலையிலிருந்து இறங்கித் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை செல்ல வேண்டியிருக்கலாம். வாகனமும், துணைக்கு ஒரு பெண்ணும், வீட்டில் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தாலன்றி அவள் புறப்படமாட்டாள். இவ்வேற்பாட்டை மகளிர் சுயஉதவிக் குழுவின் துணையோடு ஊராட்சி செய்ய முடியும். சிகிச்சைச் செலவிற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டை இல்லாத குடும்பங்களை முன்னரே கண்டறிதல் நலம்.

மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு, உறவுக்குப் பின் உதிரப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றினால் முகாமுக்குக் காத்திராமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். கணவன்மாரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

நோய்க்குறி கண்ட பெண்ணின் பெயரை எக்கூட்டத்திலும் வெளியிடலாகாது. எண்ணிக்கை மட்டும் போதும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் வரவு செலவோடு இரண்டு எண்களையும் படிப்போம்: மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் எத்தனை பேர்? இவ்விரண்டும் சமமாகும்வரை அவ்வூராட்சியின் பணி முடிவுபெறவில்லை எனக் கொள்வோமாக.