பானெட்டுக்கு வினைல் ஒட்டப் போகிறீர்களா?

குமிழி, சுருக்கம் இல்லாமல் வீட்டிலேயே காருக்கு வினைல் ராப் ஒட்ட, வளைவு குறைந்த பானெட்டில் தொடங்குங்கள்.

1. நிறம் மாறுவதென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு கார் ஒத்துப்போக வேண்டும்.

2. 'காஸ்ட்' வகை ஷீட்டாக வாங்குங்கள். வளைவுகளில் நன்றாகப் படியும், எளிதில் சுருங்காது.

3. ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மெழுகுப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது.

4. காற்றடிக்காத நிழலில், இன்ஜின் ஆறிய பிறகு ஒட்டுங்கள். சூடான தகட்டில் பசை சட்டென்று பிடித்துக்கொள்ளும். காற்றில் வந்து ஷீட்டுக்கு அடியில் சிக்கும் ஒரு மணல் துகள்கூட மேடாகத் தெரியும்.

5. நாலா பக்கமும் 5 முதல் 10 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பிடித்து இழுக்கவும் ஓரத்தை மடிக்கவும் தேவைப்படும்.

6. துணி விளிம்புள்ள ஸ்க்வீஜியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேயுங்கள். காற்று வெளியேறும், கீறல் விழாது.

7. சுருக்கம் விழுந்தால் அழுத்தாதீர்கள். ஷீட்டை மெல்லத் தூக்கி ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டினால் மடிப்பு தானே நேராகும்.

8. பெயின்ட் மேல் வைத்து பிளேடால் வெட்டாதீர்கள். அந்தக் கீறலில் துருப்பிடிக்கும்.

9. மடித்த ஓரங்களுக்கு ஷீட் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு மறுபடி சூடு கொடுங்கள். இல்லாவிட்டால் இழுபட்ட ஷீட் பழைய நிலைக்குத் திரும்பி, ஓரம் கிளம்பிவிடும்.

10. 2 நாள் கழுவாதீர்கள். பசை முழுதாக இறுக அவகாசம் வேண்டும்.