தோண்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்

கேள்வி: எங்கள் கடைத்தெருவையும் பாண்டி பஜார் மாதிரி மாற்றப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நடைபாதையை அகலமாக்கி, சாலையைக் குறுக்கி, கடை வாசலில் வண்டி நிறுத்த விடமாட்டார்களாம். நான் வாடகைக் கட்டடத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர்கள் வேறு தெருவுக்குப் போய்விட மாட்டார்களா? வியாபாரிகள் சேர்ந்து எதிர்ப்பதா, ஏற்பதா?
– கடைக்காரர் ஒருவர், சென்னை

பதில்: வண்டி நிறுத்துமிடம் பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் முதலில் பயப்பட வேண்டியது அதற்கல்ல. தெரு முடிந்த பிறகு வரும் சிக்கலைவிட, முடியும்வரை வரும் சிக்கல்தான் சிறு கடைகளைச் சாய்க்கிறது.

பாண்டி பஜாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் தியாகராய சாலையின் நடைபாதை வளாகம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உருவாகி 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கே வண்டிப் போக்குவரத்தை முழுக்க நிறுத்திவிடவில்லை. சாலை குறுகியது, நடப்பவருக்கு இடம் பெருகியது, அவ்வளவுதான். கட்டுவதற்கு முன்பே தற்காலிகத் தடுப்புகளை வைத்து, நடப்பவர்களுக்கு விட்டால் தெரு எப்படி இருக்கும் என்று சோதித்தும் பார்த்தார்கள். இந்தச் சோதனையை உங்கள் தெருவுக்கும் கேளுங்கள். ஒரு வாரக்கடைசியில் தடுப்பு வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு அற்பம். கல் பதித்துவிட்டால் திருத்தக் கோடி வேண்டும்.

வாடிக்கையாளர் எதில் வருகிறார் என்பதில் கடைக்காரர் கணக்கு பெரும்பாலும் தப்பும். டொராண்டோவின் புளூர் தெருவில் 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கடைகளுக்கு வருபவர்களில் பத்தில் ஒருவர்தான் காரில் வருகிறார் என்று தெரிந்தது. அது வேறு ஊர், வேறு பழக்கம். அதனால் உங்கள் கடைக்கு நீங்களே எண்ணுங்கள்: ஒரு சனிக்கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, பில் போடும்போது எதில் வந்தீர்கள் என்று கேட்டு ஒரு கோடு போடச் சொன்னால் போதும். குத்துவிளக்கும் இட்லிக் குண்டானும் வாங்குபவர் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவாரா என்ற கேள்வி உங்களுக்கு உண்டு, ஜவுளிக்கடைக்கு இல்லை. எனவே நீங்கள் கேட்க வேண்டியது வாசலில் நாள் முழுக்க நிற்கும் கார்களுக்கான இடமல்ல. பத்து நிமிடம் நின்று சரக்கு ஏற்றிப்போக ஓர் இடமும், லாரி வந்து இறக்க ஒரு நேரமும். நாள் முழுக்க வாசலை அடைத்து நிற்கும் வண்டி பெரும்பாலும் பக்கத்துக் கடை முதலாளியுடையதாகவே இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி தோண்டும் காலம். ஒரு தெருவுக்கு அடியில் பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் என்று ஐந்தாறு இலாகாக்கள் படுத்திருக்கின்றன. ஆழமானதை முதலில் முடித்து, படிப்படியாக மேலே வந்து, கடைசியில் தார் போடுவதுதான் முறை. நம் ஊரில் தார் போட்டுப் பூசணிக்காய் உடைத்த மறுமாதம் கேபிள்காரர் வந்து நிற்பார். வேலை நீள்வதற்குப் பணமில்லாதது மட்டும் காரணமல்ல. எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய குழாய் ஒன்று பள்ளத்தில் தலைகாட்டும், அது யாருடையது என்று தெரியும்வரை ஜேசிபி ஓரமாக நிற்கும். பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டை 2017இல் தோண்டத் தொடங்கி 2018இல்தான் திறந்தார்கள். அதன் நீளம் முக்கால் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அங்கே ஒன்றை உருப்படியாகச் செய்தார்கள்: கேபிள்களும் குழாய்களும் செல்லும் வழிகளை நடைபாதைக்கு அடியில் அமைத்தார்கள். பழுது வந்தால் மூடியைத் திறந்தால் போதும், சாலையை வெட்ட வேண்டியதில்லை.

காலண்டரையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் – கடைத்தெருவின் வருமானம் இந்த மூன்றில்தான். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. மிச்சமிருப்பது தை பாதியிலிருந்து ஆனிவரை. அதற்குள் தெரு முழுவதும் முடியாது என்றால் நூறு மீட்டர் நூறு மீட்டராகப் பிரித்து, ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் முனகுவார். மொத்தத் தெருவையும் ஒரே நேரத்தில் பிளந்து போட்டால்தான் அவருக்கு இயந்திர வாடகை கட்டுப்படியாகும். அவருடைய லாபம் உங்கள் நஷ்டத்தில் வருவதால் இதை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு கடைக்கும் பள்ளத்தின் மேல் கைப்பிடியுள்ள பாலம், இரவில் விளக்கு, சுற்றிலும் தடுப்பு ஆகியவற்றில் பேரமே கூடாது. 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் உயிர் விட்டார்.

நஷ்டஈடு? நிலம் எடுக்காதவரை, வியாபாரம் படுத்ததற்காகக் கடைக்காரருக்குப் பணம் தரும் வழக்கம் இங்கே இல்லை. அதனால் உங்கள் பேச்சுவார்த்தை கட்டட உரிமையாளரோடும் நடக்க வேண்டும். தெரு அழகானதும் வாடகை ஏறும். பாத்திரக்கடை இருந்த இடத்தில் காபி ஷாப் உட்காரும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும்: எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் சொன்னபடிதான் வாடகையை உயர்த்த முடியும். வாய்ப்பேச்சில் குடியிருந்தால் இப்போதே காகிதத்துக்கு வாருங்கள். தோண்டும் மாதங்களுக்கு வாடகைக் குறைப்பையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் ஈ ஓட்டும் காலத்தில் கடை காலியானால் அடுத்த ஆள் கிடைக்கமாட்டார் என்பது உரிமையாளருக்கும் தெரியும்.

எதிர்ப்பதா ஏற்பதா என்றால், நான் ஏற்பேன். ஆனால் வேலை அட்டவணை கைக்கு வந்த பிறகு.

கேள்வி: எங்கள் வீடு தி.நகரில் ஒரு பக்கத்துத் தெருவில் இருக்கிறது. பிரதான சாலையில் வேலை நடக்கும்போது எல்லா வண்டிகளும் எங்கள் தெருவுக்குள் வருகின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. என்ன செய்வது?
– இல்லத்தரசி, தி.நகர்

பதில்: அம்மா, நீங்கள் குடியிருப்பது ஏரியில். 1920களில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். தண்ணீர் பழைய முகவரிக்கு வருகிறது. 2021 நவம்பர் மழையில், புதுப்பித்த தெருக்களிலும் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சாலை உயர்வதன் கணக்கு எளிது. மேலே போடும் தார்க்கலவை ஒரு முறைக்கு நான்கு சென்டிமீட்டர் என்றால் ஐந்து முறைக்கு இருபது. வாசற்படி ஒன்று காணாமல் போய்விடும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குப் புதிது போட வேண்டும். இதை மில்லிங் என்பார்கள். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதை வலியுறுத்தி உத்தரவிட்டார். சுரண்டாமல் தார் லாரி வந்து நின்றால் அந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் புகாரைப் பதியுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. தெருவை முழுதாகத் திருத்திக் கட்டும்போது முதலில் வருவது மழைநீர் வடிகாலின் கான்கிரீட் சுவர். அதன் மேல்மட்டம் எங்கே நிற்கிறதோ, நடைபாதையும் சாலையும் பின்னால் அங்கேதான் வந்து சேரும். தார் போடும் நாளில் சண்டை போட்டுப் பயனில்லை, வடிகாலுக்குக் கம்பி கட்டும் நாளில் உதவிப் பொறியாளரிடம், “இதன் மூடி எங்கள் கேட்டுக்கு மேலா கீழா?” என்று கேளுங்கள். வேலை தொடங்கும் முன், படியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வண்டிகள் உங்கள் தெருவுக்குள் வருவதற்கு, மாற்றுப்பாதை முடிவாகும்போதே லாரியும் பஸ்ஸும் நுழையாதபடி போக்குவரத்துப் போலீஸிடம் எழுதிக் கேட்பதுதான் வழி. பகுதி சபைக் கூட்டத்தில் இதையும் மட்டத்தையும் சேர்த்தே பேசுங்கள்.

கேள்வி: சாலை வேலை என்று சொல்லி, பல வருடமாகக் கீரை விற்கும் அம்மாவைக் கிளப்பிவிட்டார்கள். வேலை முடிந்ததும் திரும்ப விடுவார்களா?
– கல்லூரி மாணவர், சைதாப்பேட்டை

பதில்: தானாக விடமாட்டார்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கீரைபோல அழுகும் பொருள் என்றால், கட்டணம் கட்டிக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

வேறு கட்டடத்தில் இடம் தருகிறோம் என்றால் யோசித்துச் சம்மதிக்கச் சொல்லுங்கள். பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013இல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றியபோது, மாடி ஏறி வருவார் இல்லை என்று அவர்கள் புலம்பினார்கள். இரண்டு கட்டுக் கீரைக்காக யாரும் மாடி ஏறமாட்டார்கள். அந்த அம்மாவிடம் அடையாள அட்டையோ, கணக்கெடுப்பு ரசீதோ, பழைய கட்டண ரசீதோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நகல் எடுத்து, நகர விற்பனைக் குழுவின் தலைவரான ஆணையருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதிக்கொடுத்தால் அந்த அம்மா கைநாட்டு வைப்பார். ஆனால் அந்த மனுவை, பழைய இடத்தில் விளிம்புக்கல் பதிக்கும் முன் கொடுத்துவிடுங்கள்.