ஆலை முற்றத்து மழைநீரும் அயலவர் வயலும்
(கரடியனாற்றுப் பகுதி ஆலை உடைமையாளர்க்கும் வேளாண்மை செய்வோர்க்கும்)

செங்கலடி – பதுளை வீதியில் அமைந்த கரடியனாற்றைச் சூழ்ந்துள்ள நிலம் நெல்வயல்களாலும் குளங்களாலும் ஆனது. இந்நிலத்தில் விழும் மழைநீர் ஓரிடத்தில் தங்குவதன்று. முற்றத்திலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து முந்தனையாறு முதலிய நீரோட்டங்களுக்கும் சென்று, ஈற்றில் வாவிப் பிரதேசத்தை அடைகின்றது. ஆதலால், ஓர் ஆலையின் முற்றத்திற் கிடக்கும் அழுக்கு அவ்வாலைக்கு மட்டும் உரியதன்று. மாரி தொடங்கியதும் அது அயலவரின் உடைமையாகிவிடுகின்றது.

மழைநீர் கெடுமாறு

வானத்திலிருந்து விழும் நீர் பெரும்பாலும் தூயதே. அது நிலத்தில் ஓடும்போதே மாசடைகின்றது. நெல் ஆலையின் புறத்தே குவிக்கப்பட்ட உமி, தவிடு, உமிச்சாம்பல், வாகனம் கழுவும் இடங்களிற் சிந்திய எண்ணெய், பசளை, பூச்சிநாசினிக் களஞ்சியங்களின் வாயிலிற் சிதறிய மருந்து ஆகிய யாவற்றையும் மழை வாரிச் செல்கின்றது. நெடுநாள் வெயிலின் பின் வரும் முதல் மழையே மிகுந்த அழுக்கைக் கொண்டு செல்லும்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும் ஆலைகளில் மற்றொரு கேடும் உண்டு. ஊறல் நீரில் நெல்லிலிருந்து கரைந்த பொருள்கள் புளித்து நாற்றமெடுக்கும். அவை நீரிலுள்ள ஒட்சிசனை உட்கொள்வதால் மீன்கள் மூச்சுத் திணறி இறக்கும். இந்நீரை மழைநீர் வாய்க்காலில் விடுவது எவ்வாற்றானும் தகாது.

நீரின் அளவு

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு இலிற்றர் நீர் சேரும். 2,000 சதுர மீற்றர், அஃதாவது ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்புள்ள சீமெந்து முற்றத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்யுமாயின், ஏறத்தாழ 1,00,000 இலிற்றர் நீர் வழிந்தோடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இத்தகைய மழை அரிதன்று. பெரும்போகப் பயிர் வயலில் நிற்கும் காலமும் அதுவே. அன்றியும், வாவியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் வேளையில் வந்து சேரும் அழுக்கு, கடலுக்குச் செல்ல வழியின்றி வாவியிலேயே தங்கும். அதனால் இறாலும் மீனும் பிடித்து வாழும் குடும்பங்களும் துன்புறும்.

சட்டம் கூறுவது

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடல் சட்டமும் 1988ஆம் ஆண்டின் திருத்தமும், குறித்துரைக்கப்பட்ட தொழில்களை நடாத்துவோர் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறவேண்டும் என விதிக்கின்றன. உரிமமின்றிக் கழிவை வெளியேற்றுவது குற்றமாகும். பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும், சிறிய தொழில்கள் சிலவற்றுக்கு உள்ளூராட்சிச் சபையும் உரிமம் வழங்கும். தொழில்களின் பட்டியல் காலத்துக்குக் காலம் வர்த்தமானி மூலம் திருத்தப்படுவதால், தம் தொழில் எப்பிரிவில் அடங்கும் என்பதை உடைமையாளர் பிரதேச சபையிலோ அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலோ கேட்டறிதல் வேண்டும்.

2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியான ஒழுங்குவிதிகள், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்குப் பொது எல்லைகளை வகுத்தன. ஒரு இலிற்றர் நீரில் மிதக்கும் திண்மப்பொருள் 50 மில்லிகிராம், உயிரியல் ஒட்சிசன் தேவை 30 மில்லிகிராம், எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராம் என்பன அவற்றுட் சில. மழைநீரைச் சேர்த்துக் கழிவுநீரை ஐதாக்கிவிட்டால் எல்லைக்குள் அடங்கும் எனக் கருதுதல் தவறு. அழுக்கின் மொத்த நிறை அதனாற் குறைவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில், தொழிற்சாலை முற்றத்து மழைநீரை 1987ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அனுமதி முறைக்குட் கொணர்ந்தது; 1990இல் அதற்கான விதிகள் வெளியாயின. குழாய் வழி வரும் கழிவை மட்டும் தடுத்தாற் போதாது என்பதை அந்நாடு அனுபவத்தால் உணர்ந்ததன் பயனே இது.

செய்யவேண்டியவை

1. கூரைநீரைப் பீலியால் ஏந்தி, முற்றத்து நீருடன் கலவாமல் தனி வாய்க்காலில் விடுக.
2. உமி, சாம்பல், பசளை ஆகியவற்றைக் கூரையின்கீழ், உயர்த்திய தளத்தில் வைக்குக.
3. எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுற்றிச் சீமெந்து வரம்பு கட்டுக. சிந்திய எண்ணெயை மரத்தூளால் ஒற்றியெடுக்குக, நீரூற்றிக் கழுவற்க.
4. முற்றத்து நீர் வெளியேறும் இடத்தில் மண்படியும் தொட்டியும், எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் அமைத்து, மாரிக்கு முன் துப்புரவு செய்க.
5. ஊறல் நீரைத் தனியே சேர்த்துச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்றுக.
6. உரிமத்தின் காலம் முடியுமுன் புதுப்பிக்குக. அதன் நிபந்தனைகளை ஆலையில் வேலை செய்வோரும் அறியச் செய்க.

வேளாண்மை செய்வோர்க்கு

வாய்க்கால் நீரில் எண்ணெய்ப் படலமோ, கரிய நிறமோ, புளித்த நாற்றமோ காணப்படின், அந்நீரை வயலுக்குப் பாய்ச்சாது மடையை அடைத்தல் நன்று. நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, முதலில் ஆலை உடைமையாளருக்கும், பயன் கிட்டாதவிடத்துப் பிரதேச சபைக்கும் அதிகார சபைக்கும் எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும்.

நெல்லை விளைவிப்போரும் அதனை அரிசியாக்குவோரும் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்பவர். வயல் கெட்டால் ஆலைக்கு நெல் இல்லை. ஆலை நின்றால் நெல்லுக்கு விலை இல்லை. ஆகவே, மாரி தொடங்குமுன் முற்றத்தைத் துப்புரவாக்குதல் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் செலவன்று. இருவர்க்கும் ஊதியந் தரும் முதலீடாகும்.