நற்சுரையில் கசப்பு தோன்றுவதேன்?
விதை சேகரிப்போர் அறிய வேண்டியவை

"விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்பது நாட்டு வழக்கு. ஆயினும், பல்லாண்டுகள் நன்கு காய்த்து வந்த சுரையின் விதையை ஊன்றிய புழக்கடையில், திடீரென ஒரு கொடி மாத்திரம் கசப்புக் காய் காய்ப்பதுண்டு. பக்கத்திலுள்ள பாகற்கொடியே இதற்குக் காரணமெனச் சிலர் கூறுவர். அது சரியன்று. பாகல் வேறு இனமாகையால், அதன் மகரந்தத்தினால் சுரை கருவுறாது. வறட்சி கசப்பை மிகுவிக்கக்கூடும். எனினும் ஒரே பாத்தியில் ஒரு கொடி மட்டும் கசக்குமாயின், குற்றம் பெரும்பாலும் விதையினதே ஆகும்.

காரணம்:— சுரையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே மலர்கின்றன. பூச்சிகளே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. வேலியோரத்தில் தானே படர்ந்த பேய்ச்சுரையின் மகரந்தம் நற்சுரையின் பெண்பூவை அடையினும், அவ்வாண்டுக் காய் கசப்பதில்லை. காயின் சதை தாய்க்கொடியின் பாகமேயாகும். கலப்பு விதையினுள் மறைந்திருந்து, அடுத்த பருவத்துக் கொடியில் வெளிப்படும். ஆகையால் தாய்க்காயைச் சுவைத்துப் பார்த்து மட்டும் விதையின் தூய்மையை நிச்சயிக்க இயலாது.

அபாயம்:— இக்கசப்பு வெறும் சுவைக்கேடன்று. குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருளே அதற்குக் காரணம். சமைப்பதால் அது முற்றும் நீங்குவதில்லை. கசப்புச் சுரைச்சாற்றை அருந்தியோர் வாந்தி, பேதி, இரத்த வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவற்றிற்கு ஆளாகி, சிலர் இறந்தும் உள்ளனர். இதற்கென மாற்று மருந்து இல்லை. ஆதலின் சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசப்பின் உடனே துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடல் வேண்டும். அக்கொடியையும் வேரோடு களைதல் நலம்.

விதைக்காய் பிடிக்கச் செய்யும் முறை:— சான்று விதை உற்பத்தியில் ஒரு சுரை ரகத்திற்கும் மற்றொன்றிற்கும் இடையே 500 மீட்டர் இடைவெளி விடுவர். வீட்டுத் தோட்டத்தில் அது இயலாதாகையால், கையால் மகரந்தம் சேர்த்தலே தக்க வழி.

1. கொடி ஒவ்வொன்றிலும் முதற் பிஞ்சைச் சுவைத்து, கசப்பற்றதும் நோயற்றதுமான கொடியைத் தெரிந்தெடுக்கவும்.

2. சுரைப்பூ மாலையில் மலரும். அன்று மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளைப் பிற்பகலிலேயே தனித்தனியே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டவும். அடியில் சிறு பிஞ்சுடன் கூடியதே பெண் மொட்டு.

3. மலர்ந்ததும் அதே ரகத்து ஆண்பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவி, பெண்பூவை மீண்டும் மூடவும். மறுநாள் பூ வாடியபின் பையை நீக்கலாம்.

4. காம்பில் நிறநூல் ஒன்றை அடையாளமாகக் கட்டி, ஓடு காய்ந்து இறுகும் வரை காயைக் கொடியிலேயே விடவும். பின்னர் விதைகளை எடுத்துக் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி, ஈரம் புகாத கலத்தில் வைக்கவும்.

பூசணியும் வெள்ளரியும் காலையில் மலர்வன. அவற்றின் மொட்டுகளை முந்திய மாலையே கட்டுதல் வேண்டும்.

பிற காய்கறிகள்:— தக்காளி, கொத்தவரை முதலியன பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், அவற்றில் கலப்பு அரிது. கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றில் ஓரளவு கலப்பு உண்டாகும். வீரிய ஒட்டு ரகங்களின் காயிலிருந்து எடுத்த விதையோ, அயல் மகரந்தம் கலவாதிருப்பினும், பல குணங்களாகப் பிரிந்து முளைக்கும். இவ்வாறு பிரியும் முறையை மெண்டல் 1866-ஆம் ஆண்டில் பட்டாணிச் செடிகளைக் கொண்டு விளக்கினார்.

தோட்டத்தில் தோன்றும் மாறுதல்கள் யாவும் தீயன அல்ல. விரும்பத்தக்க குணமுடைய செடி காணப்படின், அதன் விதையைத் தனியே எடுத்து விதைத்து, இரண்டு மூன்று தலைமுறை அக்குணம் நிலைக்கின்றதா எனப் பார்த்தல் நன்று. ஆனால் கசப்புக் கண்ட சுரையை மட்டும் விதைக்கென ஒருபோதும் விட்டுவைத்தல் ஆகாது.